முந்திக்கொண்ட கண்டனம்

காலை 5.30. அகரம் மேற்குத் தெருத் தண்ணீர்த் தொட்டியின் கீழிருந்த மோட்டாரைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி ஆபரேட்டர் சோலைமுத்துவிடம்தான் இருந்தது. மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

8.45. மூன்று நாள் திருவிழா பந்தோபஸ்து முடிந்து தூங்கப் போன சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவள்ளியை வழியிலேயே இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தச் சுவரெங்கும் போஸ்டர். ‘மோட்டார் திருட்டுக்குத் துணைபோன ஆபரேட்டர் சோலைமுத்துவை வன்மையாகக் கண்டிக்கிறோம்.’ கீழே தெருச் சங்கத் தலைவர் சிவபிரகாஷின் படம். முந்தின நாள் இறந்த சூசைமுத்துவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தலைவரின் பாதி மீசையை மறைத்திருந்தது. செத்தவருக்கும் இருப்பவருக்கும் ஒரே சுவர்தானே கிடைக்கிறது.

“கண்டனம்னா வேலை போயிருமாம்மா?” என்றார் சோலைமுத்து.

“அது தண்டனை இல்லண்ணே. ஒரு தப்பு நடந்தா, அது தப்புன்னு பொதுவுல சொல்றது. அம்புட்டுத்தான்.”

“எம்மக ஜீவிதா இந்தச் செவுத்தைத் தாண்டித்தாம்மா காலேஜ் பஸ்ஸுக்குப் போகணும்.”

சண்முகவள்ளி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அலுப்பாக இருந்தது. தலைவரைக் கூப்பிட்டாள்.

“திருட்டு எப்பத் தெரியும்?”

“ஆறு மணிக்குத்தான் மேடம். நேரா அச்சகம் போனேன். தெரிஞ்ச பையன், உடனே அடிச்சுக் குடுத்தான். எட்டு மணிக்கு ஒட்டுனோம்.”

“சுறுசுறுப்புதான்.”

இறந்தவரின் மகன் கிறிஸ்துராஜ், கையில் பசை காய்ந்து உரிய, ஓரமாக நின்றிருந்தார். “நீங்க எப்ப ஒட்டுனீங்க?”

“விடியக்கால நாலு மணிக்கே முடிச்சிட்டோம்மா. பத்து மணிக்கு அடக்கம். இருட்டுல எது மேல ஒட்டுறோம்னு யாரு பாத்தா?”

9.10. சண்முகவள்ளி அஞ்சலி போஸ்டரின் ஓரத்தை மெல்லப் பிரித்தாள். சிவபிரகாஷின் மீதி மீசை வெளியே வந்தது.

“நாலு மணிக்கு ஒட்டுனது மேல இருக்கு. எட்டு மணிக்கு ஒட்டுனது அடியில இருக்கு. எப்படிண்ணே?”

சிவபிரகாஷ் மெல்லப் பின்னால் நகரப் பார்த்தார்.

“நடந்தது தெரிஞ்சாத்தான் கண்டிக்க முடியும். ஊருக்கே அஞ்சரைக்குத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி தெரிஞ்சது எடுத்தவனுக்கு மட்டும்தான்.”

சிவபிரகாஷின் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் மோட்டார் இருந்தது. தொலைந்த சாவியும் அங்கேயே ஆணியில் தொங்கியது. சோலைமுத்துவை வேலையிலிருந்து கிளப்பிவிட்டு மச்சானை ஆபரேட்டராக்க நினைத்தாராம். விடியும்போதே போஸ்டர் கண்ணில் படவேண்டுமென்று அவசரப்பட்டுவிட்டார்.

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. “சாயங்காலத்துக்குள்ள தலைவருக்கு ஒரு கண்டன போஸ்டர் அடிச்சிருவோம் மேடம்.”

“சோலைமுத்துகிட்ட வருத்தம் தெரிவிச்சு ஒண்ணு அடிப்பீங்களா?”

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள்.

போஸ்டரை நனைத்து உரிக்கக் குழாயில் தண்ணீர் வர நேரமாகும் என்பதால், சோலைமுத்து அதிலிருந்த தன் பெயரை வெறும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். காலேஜ் பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.