கிருமி நீக்கிய மழை

மழைக்கு நாள் குறிப்பது அமைச்சருடைய உதவியாளரின் வேலையாகி ஆறு வருடம் ஆகிறது. செம்பூர் வட்டத்துக்கு இந்த வருடம் ஒதுக்கியது ஒரே ஒரு மேகம். புதன்கிழமை, பகல் பதினொன்றரை. பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். இதுவரை தலைநகரிலிருந்தே மழைக்கான பொத்தானை அழுத்திவந்த அமைச்சர், முதன்முறையாக நேரில் வருகிறார்.

இருளாயியின் இரண்டு ஏக்கர் மிளகாய் பூவும் பிஞ்சுமாக வாடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமையைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வயலை ஒட்டித்தான் முகிற்பண்ணை. இருபது ஏக்கர் ஆமணக்கு. இலைக்கு இலை உறைநுண்ணிகள் என்ற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். ராட்சத விசிறி அவற்றை மேலே ஏற்றிவிடும். மேகத்துக்குள் ஒவ்வொன்றையும் சுற்றி நீர் உறையும், கனக்கும், விழும், வழியில் உருகி மழையாகும். பண்ணை விஞ்ஞானி செங்கமலம் அவற்றை நான்கு மாதமாக வளர்த்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அமைச்சர் வரும் சாலையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டார்கள். கோடு பண்ணைக்குள்ளும் நுழைந்தது. பின்னாலேயே தெளிப்பான்கள் பறந்து வந்து, ஆமணக்கின் மேல் கிருமிநாசினியைப் பொழிந்தன.

"சார், நிறுத்தச் சொல்லுங்க! அந்தக் கிருமிதான் சார் மழையே!" என்று ஓடி வந்தாள் செங்கமலம்.

சுகாதார அதிகாரி பரஞ்சோதி ஆய்வறிக்கையை நீட்டினார். "இலைக்கு ஒரு கோடி கிருமி, மேடம். அமைச்சர் நிக்கப்போற இடம். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

வேலியோரம் நின்ற இருளாயி கேட்டாள். "மேகத்துக்கும் பவுடர் போடுவீகளாய்யா?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைம்மா."

புதன்கிழமை அமைச்சர் பொத்தானை அழுத்தினார். விசிறி உறுமியது. மிகச் சுத்தமான காற்று மேலே போனது. மேகம் வந்தது, பத்து நிமிடம் நின்றது, கடல் பக்கம் போய்விட்டது. கூட்டம் அண்ணாந்தபடியே இருந்தது. பரஞ்சோதி கண்ணைக் காட்ட, மேடைக்குப் பின்னால் நின்ற தீயணைப்பு வண்டி வானத்தை நோக்கிப் பீய்ச்சியது. அமைச்சர் நனைந்தார். கைதட்டல் அடங்கவில்லை. மேடையருகே இருந்த தானியங்கி மழைமானி, 'முப்பத்தொரு மில்லிமீட்டர்' என்று தலைநகருக்குச் சொன்னது. மழை பெற்ற வட்டத்துக்கு இன்னொரு மேகம் கிடையாது.

திங்கட்கிழமை வந்த சுற்றறிக்கையை, செங்கமலம் இருளாயியின் வயலில் நின்று படித்துக் காட்டினாள். ஒரே மேகத்தில் இத்தனை மழையை எந்தப் பண்ணையும் எடுத்ததில்லையாம். காரணம் ஆராய்ந்தார்களாம். மழைக்கு முந்தின நாள் கிருமிநீக்கம் நடந்தது செம்பூரில் மட்டும்தானாம். ஆகவே மாநிலத்தின் எல்லா முகிற்பண்ணைகளிலும் இனி அது கட்டாயம். மேற்பார்வை: பரஞ்சோதி.

"அப்ப மத்த ஊர்க்காரகளுக்கும் பெய்யாதா தாயி?"

"பெய்யும்க்கா. தீயணைப்பு வண்டி இருக்கிற ஊர்ல எல்லாம் பெய்யும்."

இருளாயி ஒரு மிளகாய்ச் செடியைப் பிடித்து இழுத்தாள். வேரோடு கையில் வந்தது. பிடித்துவைக்க ஈரமில்லாமல் மண் புழுதியாகக் கிடந்தது. அடுத்த செடிக்குக் குனிந்தாள். இரண்டு ஏக்கர் இருந்தது.