முந்திக்கொண்ட சாவுச் செய்தி!

"ஐயோ... ஐயா அசையலையே!"

சமையல்காரி அராபாவின் அலறல் மாடியிலிருந்து வந்தது.

கீழே ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டிருந்த எபோ, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினான்.

முதலாளி ஓபாரே கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அக்ரா நகரம் முழுக்க அடுத்தவர் வீட்டுத் துக்கச் செய்தியை மெயிலில் அனுப்பித் தரும் வெப்சைட்டின் சொந்தக்காரர்... இப்போது தானே ஒரு துக்கச் செய்தியாகிவிட்டார்!

எபோ வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

'நான்தான்... நான்தான் கொன்னுட்டேன்!'

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஆட்ஜோ வந்தாள். பிணத்தின் இமைகளை விலக்கிப் பார்த்தாள். மறுபடி மூடினாள். நேற்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் கரன்ட் இல்லை. தொப்பியால் விசிறிக்கொண்டே திரும்பினாள்.

"நீ யாருப்பா?"

"எபோ, மேடம். இங்க புரோகிராம் எழுதறவன்."

"எதுக்கு இப்படி நடுங்கறே?"

"அவரைக் கொன்னது நான்தான், மேடம்!"

ஜன்னலோரம் நின்றிருந்த சிண்டிம் சட்டென்று திரும்பினான். செத்தவரின் அக்கா மகன். அவர்கள் குல வழக்கப்படி, சொந்தப் பிள்ளை இருந்தாலும் மாமன் சொத்துக்கு அவன்தான் வாரிசு. தகவல் போனதும் முதல் ஆளாக வந்து நின்றவனும் அவன்தான்.

"எப்படிக் கொன்னே? கத்தியா? விஷமா?"

"மெயில், மேடம்!"

"என்னது?!"

"மெயில் அனுப்பற ஒரு புரோகிராம் பாகம் செஞ்சிருக்கேன். ஒரு தடவை எழுதிட்டாப் போதும்... துக்க வெப்சைட், சர்ச், துணிக்கடை, எதுல வேணாலும் கழட்டி மாட்டிக்கலாம். பேரு, வாசகம், யாருக்குப் போகணும்... இதை மட்டும் மாத்திக் குடுத்தா மத்ததை அதுவே பாத்துக்கும்."

"ஒரே அடுப்பு, எந்தச் சட்டி வேணா வெக்கலாம்... மேல சொல்லு."

"நேத்து சாயங்காலம் சோதிச்சுப் பாத்தேன். இறந்தவர் பேருங்கிற இடத்துல ஏதாவது ஒரு பேரு வேணும்..."

"யாரு பேரைப் போட்டே?"

எபோ தலையைக் குனிந்தான்.

"முதலாளி பேரை."

"ஏன், ஊர்ல வேற பேருக்கா பஞ்சம்?"

"காலைல எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டார், மேடம். அந்தக் கோபம்..."

"சரி, சோதனைதானே?"

"சோதனைன்னு ஒரு சுவிட்ச் வெச்சிருக்கேன். அதைப் போட்டா எதுவும் வெளிய போகாது. போட மறந்துட்டேன்! போன மாசம் அவங்க சித்தி சாவுக்குச் சேத்த சொந்தக்காரங்க பட்டியல் அப்படியே மாட்டியிருந்துச்சு. அதுல முதல் அட்ரஸே அவரோடதுதான்!"

"அடப்பாவி..."

"வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்... வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவர், மேடம்! தன் சாவைத் தானே படிச்சா தாங்குமா?"

எபோ முகத்தை மூடிக்கொண்டான். ஒரே ஒரு போன்! செய்திருந்தால் மனுஷன் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாரே! காலையில் திட்டிய அதே ஓபாரேதான் மத்தியானம் தன் சோளமாவு கென்கி உருண்டையில் பாதியைப் பிட்டு, பொரித்த மீனோடு அவன் தட்டில் வைத்தார். அதைச் சாப்பிட்ட கையால்தானே அந்தப் பேரைத் தட்டினான்!

சிண்டிம் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"கொலைகாரா! மேடம், இவன் சொல்றது சத்தியம். அந்த மெயில் நேத்து சாயங்காலமே எனக்கும் வந்துச்சு! பதறியடிச்சு ஓடி வந்தேன்."

"ராத்திரி நீ வந்துட்டுப் போனதா வாட்ச்மேன் சொன்னான். எதுக்குன்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்."

"இதுக்குத்தான்! மாமா கைல போனை வெச்சுக்கிட்டு, 'டேய் சிண்டிம், நான் செத்துட்டேனாமேடா'ன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். தூங்கினா சரியாயிடும்னு படுக்க வெச்சுட்டுப் போனேன்..."

"மெயிலை நீ கண்ணால பாத்தியா?"

"எங்கம்மா மேல சத்தியம்!"

எபோ இரண்டு கைகளையும் நீட்டினான்.

"விலங்கு மாட்டுங்க, மேடம்..."

அப்போது...

தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது.

கரன்ட் வந்துவிட்டது!

டிங்!

தலையணைக்குப் பக்கத்தில் பிணத்தின் போன்.

டிங்! டிங்! முற்றத்தில் கூடியிருந்த சொந்தக்காரர்களின் போன்கள் வரிசையாகக் கூவின.

டிங்!

கடைசியாகக் கூவியது சிண்டிமின் சட்டைப் பை.

ஆட்ஜோ அதற்குள் கையை விட்டுப் போனை உருவினாள்.

"'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம்... திரு. ஓபாரே அவர்கள்...' என்னப்பா எபோ, இது இப்பத்தானே வருது?"

எபோ கண்களைத் துடைத்துக்கொண்டான். பயத்தில் உறைந்திருந்த மூளை மெல்ல ஓட ஆரம்பித்தது.

"மேடம்... நேத்து நான் பட்டனைத் தட்டின உடனே கரன்ட் போச்சு. அதுக்குள்ள எல்லாம் போயிருக்கும்னு நெனச்சுட்டேன். போகலை! அனுப்ப முடியாததை அது தூக்கிப் போடாது. வரிசைல வெச்சுக்கிட்டு, கீழ இருக்கற மிஷினுக்கு உயிர் வந்ததும் அனுப்பும். அப்படித்தான் எழுதியிருக்கேன். வரிசைல முதல் ஆளு முதலாளிதான், அவருக்கே இப்பத்தான் வந்திருக்கு... நேத்து ஒண்ணுகூட இந்த வீட்டைத் தாண்டலை!"

ஆட்ஜோ சிண்டிமைப் பார்த்தாள்.

"அப்ப நேத்து நீ பாத்தது எந்த மெயிலு, தம்பி?"

சிண்டிம் கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆட்ஜோ அவன் எதிரே வந்து நின்றாள்.

"உங்க மாமா கண்ணுக்குள்ள ரத்தப் புள்ளி இருக்குடா! மூச்சை அமுக்கினாத்தான் அது வரும். யாரு வாயைத் திறப்பாங்கன்னுதான் சும்மா நின்னேன்."

"வீட்டைத் தன் பொண்ணு பேருக்கு எழுதப் போறேன்னாரு!" சிண்டிம் திமிறினான். "அது எனக்கு வர வேண்டியது! எனக்கு!"

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

கொலைகாரன் தான் இல்லை என்று தெரிந்தும் எபோவுக்கு மனசு ஆறவில்லை. முற்றத்தில் அந்த மெயிலைப் படித்துவிட்டு ஒருத்தி பெருங்குரலில் ஒப்பாரி வைத்தாள். அவன் கோபத்தில் எழுதிய வரிகள்தான் அவள் வாயில் வந்தன.

"மேடம்... 'தப்பா அனுப்பிட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடட்டுமா?"

"தப்பா? செய்தி சரியாத்தானே இருக்கு!" ஆட்ஜோ தொப்பியை மாட்டிக்கொண்டாள். "மன்னிப்புக் கேக்கணும்னா தாராளமா கேளு. ஆனா... போகுதா பாக்கறேன்னு சோதனைக்கு என் பேரைப் போட்டுத் தொலைக்காதே!"