அட்டியல் இருந்தது, பிஸ்டல் இல்லை

"புஷ்பம்... பிஸ்டலைக் காணேல்ல!"

தொலைபேசியில் பவளம் கத்தினாள். மேல் மாடிப் புஷ்பராணி தேநீர்க் கோப்பையோடே இறங்கி ஓடிவந்தாள். இப்படியான செய்திக்கு அவள் பிந்தியதே இல்லை.

பவளத்தின் கணவர் அந்தோனிப்பிள்ளையைக் ஜெர்மனியின் கொலோன் நகரத் தமிழருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஊரில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர். இங்கே, ஜெர்மன்காரனை விட ஜெர்மன்காரனாக வேண்டுமென்று துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தார். லைசென்ஸ் எடுத்தார். சட்டப்படி ஓர் இரும்பு அலுமாரியும் வாங்கினார்.

அவ்வளவு உறுதியான அலுமாரியில் துப்பாக்கியை மட்டும் வைப்பதா? பவளம் தன் நகை முழுவதையும் உள்ளே அடுக்கினாள். வாரம் ஒரு வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீடு, இல்லாவிட்டால் கலியாணம். அலுமாரித் திறப்பு மிளகாய்த்தூள் டப்பாவுக்குள். மகன் நிதுசன் உட்பட வீடு முழுக்கத் தெரியும். புஷ்பராணிக்கும் தெரியும்.

இன்றும் ஒரு கலியாணம். கழுத்துக்கு அட்டியல் எடுக்கத் திறந்தாள்...

"நிதுசன் எங்க அக்கா?"

"பள்ளிக்கூடம்..."

புஷ்பராணி கோப்பையை மேசையில் வைத்தாள்.

தெற்கு ஜெர்மனியில் ஒரு பெடியன் தகப்பனின் துப்பாக்கியோடு பள்ளிக்கூடம் போய்ப் பதினைந்து பேரைச் சுட்டுக் கொன்ற அந்த 2009 வசந்தம் அது. நிதுசனோ பரீட்சையில் சறுக்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறவன். புஷ்பராணி இதை ஏற்கெனவே நாலு வீட்டில் சொல்லியாகிவிட்டது.

"பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"என்ர பிள்ளையை நானே காட்டிக் குடுக்கிறதோ?"

"மற்றதுகளும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே, அக்கா."

பவளம் அடித்தாள்.

நகரத்துப் பொலிஸ் வண்டிகள் பள்ளிக்கூட வாசலில் குவிந்தன. நிதுசனைத் தரையில் குப்புறக் கிடத்திப் பையைக் கொட்டினார்கள். கணக்குக் கொப்பி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டு.

வேறொன்றுமில்லை!

தொலைபேசியில் மகன் அழவில்லை.

"துவக்கு கூடக் கூடச் சாவும் கூடும், வீட்டில வேண்டாம் எண்டு அப்பாவோட சண்டை பிடிச்சதே நான்தானேம்மா. என்னையே பிடிச்சுக் குடுத்தியள்?"

அந்தச் சண்டையில் அந்தோனிப்பிள்ளை சிரித்தாராம். துவக்கு விசர் பிடித்தவர்களிடம் இருந்தால்தான் ஆபத்தாம்.

பவளம் கணவரின் தொழிற்சாலைக்கு அடித்தாள். வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். திரு. அந்தோனிப்பிள்ளையைப் போன மாதமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களே என்றாள்.

அப்படியென்றால் தினமும் சோற்றுப் பெட்டியோடு அவர் போனது எங்கே?

"கொஞ்சம் பொறுங்கள்," என்றாள் அந்தப் பெண். "அவரே இப்போது வாசலால் வருகிறார்..."

அதற்குப் பிறகு கேட்டது பேச்சுக் குரல் அல்ல.

ஒரு வெடி.

இன்னொன்று.

இன்னும்...

பொலிஸ் அத்தனை பேரும் நகரத்தின் மறு கோடியில், பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள்.

மாலையில் கழகத் தலைவர் தொலைக்காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருமையான உறுப்பினராம். பயிற்சிக்கு ஒருநாளும் வராமல் விட்டதில்லையாம்.

பயிற்சி வீண்போகவில்லை!