பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தவள்

பெஞ்சில் நாகூர் கனியும் மனைவி மெகருன்னிசாவும். நிலைப்படியோரம் பக்கத்து வீட்டு வெள்ளைத்துரையும் அவர் சம்சாரமும். டிவிக்கு நேர் எதிரே, தரையில், தெருப்பிள்ளைகள் ஐந்து பேர். ஆக ஒன்பது பேர்.

யார், எங்கே என்று முதலில் எழுதிவிட்டால் மீதி தானாக வரும் என்பது நாகூர் கனிக்குப் பள்ளிக்கூடத்தில் படிந்த ஒழுங்கு. பழைய டிவி நாட்களைப் பற்றி எழுதும்படி சென்னைப் பத்திரிகை ஒன்று வாசகர்களைக் கேட்டிருந்தது. 2004 ஆடி மாதம், சிவகாசியில் வெயில் வெள்ளையாகக் காய்ந்த பிற்பகல். எதிரே அணைந்து கிடந்த டிவியின் கருங்கண்ணாடியில் அறை தெரிந்தது: அவர், மேசை, தரையில் படம் வரையும் பேத்தி அப்ரின். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு தலை.

திரும்பினார். அப்ரின் மட்டும்தான்.

மீண்டும் எழுதினார். எண்பத்தெட்டில் அந்தத் தெருவிலேயே ஒரே டிவிப் பெட்டி அவருடையது. வெள்ளிக்கிழமைப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமைப் படம், புரியாத இந்தி நாடகத்தில் அவர்கள் சிரிக்கும்போது இவர்களும் சிரித்தது. சாகவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்ட கதாநாயகர்களைக் குறையும் சொன்னார்.

"டிவியில யூரியா போடுறதச் சொல்லுவானே, அதையுமா எழுதுறீக?" பின்னால் வந்து நின்றாள் மெகருன்னிசா. "நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதையும் வாயப் பொளந்து பாத்தீக."

சிரிக்கப் போனவருக்கு மைதா மாவு காய்ச்சும் வாடை அடித்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவர் எழுதாதது ஒன்று இருந்தது. தீப்பெட்டிக் கம்பெனிக்கு வீடு வீடாகப் பெட்டி ஒட்டக் கொடுத்து வாங்கும் ஏஜெண்டாக இருந்தார். பிள்ளைகள் சும்மா படம் பார்க்க முடியாது; படம் முடிவதற்குள் ஆளுக்கு ஒரு குரோஸ், நூற்று நாற்பத்து நாலு பெட்டி, ஒட்டியாக வேண்டும். பசித்த பிள்ளைகள் மைதா மாவுப் பசையை நக்கின. பசை குறைந்தது. எலி கடிக்காமலிருக்கத் துளி போடும் நீல விஷமான மயில்துத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அள்ளிப் போட்டார். நீலத்தைக் கண்டால் வாயில் வைக்க மாட்டார்கள் என்று நினைத்தார். ஆனால் படத்துக்காக விளக்கை அணைத்ததும் அவரேதான். கறுப்பு வெள்ளை வெளிச்சத்தில் நீலம் எங்கே தெரியும்?

நக்கியவள், அவருக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்த ஆவுடைத்தாயின் மகள் வீரலட்சுமி. ஏழு வயது.

நடுவில் படம் நின்று, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை வந்தது. அந்த அமைதியில் அவள் குரல் கேட்டது. "மொதலாளி, வயிறு எரியுது."

"சும்மா இருட்டி. படம் வந்துரும்."

வந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. வாந்திபேதி என்றார்கள். கிண்ணத்தை அவரே கழுவினார். ஆவுடைத்தாய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குக் காரு பிடிச்சுக் குடுத்தீகளே மொதலாளி, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்." பதினாறு வருஷமாக அந்தக் கையால்தான் சாப்பிடுகிறார்.

ஐந்து என்பதை அடித்து ஆறு என்று எழுதினார். ஆறாவது வீரலட்சுமி, பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

கண்ணாடிக்குள் அந்தத் தலை நிமிர்ந்தது.

"அந்தப் பேரு எதுக்கு?" மெகருன்னிசாவின் குரல் தணிந்திருந்தது. "ஆவுடைத்தா தாயில்பட்டியில உசுரோடதான் இருக்கா. யாராச்சும் வாசிச்சுச் சொன்னா, எம்புள்ள பேரு இதுல ஏன்னு கேட்டு வர மாட்டாளா?"

அவள் உள்ளே போனாள்.

தாளைக் கிழித்தார். புதுத் தாள். ஐந்து பேர். ஆக ஒன்பது. எழுத எழுத, பின்னால் தீப்பெட்டி அட்டை மடிக்கும் சத்தம். சரக். சரக். திரும்பவில்லை. 'இனிய நாட்கள்' என்று முடித்தார். உறையில் போட்டார். ஒட்டினார்.

சத்தம் நின்றது.

"அப்ரின், இதத் தபால் பெட்டியில போட்டுட்டு வாத்தா."

"நாங்க போட்டுட்டு வாறோம் நன்னா."

நாங்க.

கண்ணாடியைப் பார்த்தார். அறையில் அவர் மட்டும். வாசலுக்கு ஓடினார். தெருமுனை. சிவப்புப் பெட்டி. உறையின் ஒரு முனையை அப்ரின் பிடித்திருந்தாள். மறுமுனையை இன்னொரு கை. கடிதம் உள்ளே விழுந்தது.

கூப்பிட வாயைத் திறந்தார். அப்ரின் பெயர் வரவில்லை. நாக்கில் நின்றது மற்றொரு பெயர். தெருவே கேட்கும். வாயை மூடிக்கொண்டார்.

இருவரும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கைகோத்தபடி, தாயில்பட்டி போகும் சாலையில், வெயிலுக்குள் நடந்தார்கள். நிழல் ஒன்றுதான் விழுந்தது.