எட்டுப் படி இருட்டு

அந்த டார்ச்சின் வெளிச்ச வட்டத்தில், இடது ஓரமாக, எப்போதும் ஒரு கறை இருந்தது.

மோட்டார்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆறு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மோட்டார்களுக்கும் நடுவே, ஒன்பது வருடமாக அந்த மஞ்சள் வெளிச்சத்தை நம்பித்தான் அவர் வால்வைத் திறந்தார், மூடினார். அங்கே கூரையில் விளக்கு மாட்டினால் ஈரம் ஏறி ஒரு வாரம்கூடத் தாங்காது. டார்ச் பழசு, பல்பு பழசு, உள்ளே இருக்கும் பளபளப்புக் கிண்ணமும் பழசு. கறை விழாமல் என்ன செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த மாதம் கறை கொஞ்சம் வளர்ந்திருந்தது. போன வாரம் எந்த வால்வு எது என்று தெரியாமல் தவறானதை மூடிவிட்டு, ஆறாவது மாடியில் ஒருவர் தலையில் சோப்பு நுரையோடு நின்று கத்தியதில், மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. பல்பை மாற்றியே தீர்வது என்று முடிவு செய்தார்.

டார்ச்சின் இடம் கீழ்த்தளம்தான். மேலே இருக்கும் இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே போனால் அது தானாக மூடிக்கொள்ளும். இருட்டில் எட்டுப் படி இறங்க வேண்டும். கடைசிப் படிக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி; ஆணியில் டார்ச். வேலை முடிந்ததும் அணைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே எட்டுப் படி ஏறி வர வேண்டும். அவருக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் வைத்த வழக்கம் அது. "எரிஞ்சபடி மட்டும் மேல கொண்டு வந்துடாத. கீழயே அணைச்சிடு" என்று சாவியைக் கொடுக்கும்போது மூன்று தடவை சொன்னார். கஞ்ச மகாப்பிரபு, எட்டுப் படிக்கு ஆகும் பேட்டரியைக்கூட மிச்சம் பிடிக்கிறார் என்று மோட்டார்காரர் அப்போது மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் வழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. பல்பு மாற்ற எடுத்து வந்த அன்றுகூட அணைத்த பிறகுதான் மேலே ஏறினார்.

கடைக்காரர் புது பல்பைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "எல்.இ.டி.ங்க. பழைய பல்பு, பேட்டரிய எப்படிப் போட்டாலும் எரியும். இதுக்குப் பக்கம் பாத்துப் போடணும். இன்னொண்ணு, பேட்டரி தீரப் போகுதுன்னு இது மங்கிக் காட்டாது. கடைசி வரைக்கும் பளிச்சுனு நின்னுட்டு பொட்டுனு போயிடும். பேட்டரியும் புதுசா ரெண்டு எடுத்துக்கங்க."

"இருக்கிறதே ஓடட்டும்" என்றார் மோட்டார்காரர். கஞ்சத்தனத்தையும் பழையவர் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

குடியிருப்பின் பின்பக்கம் இருந்த ஒற்றை அறைதான் வீடு. அன்று மதியம் அவரும் மனைவியும் மகளும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் மூடியைத் திருகிக் கழற்றி, கிண்ணத்தைப் பஞ்சால் துடைத்து, பல்பைப் பொருத்தி, விசையைத் தள்ளினார். எரியவில்லை. இன்னொரு முறை தள்ளினார். ம்ஹும்.

"பேட்டரியத் திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

திருப்பிப் போட்டார். வெள்ளை வெளிச்சம் பாய்ந்து எதிர்ச் சுவரைப் பிடித்தது. ஒன்பது வருடமாகத் தலைகீழாகப் போட்டு வந்திருக்கிறேனே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. மனைவி ஜன்னலை மூடினாள். சுவரில் வட்டம் சுத்தமாக விழுந்தது. நடுவிலும் ஒன்றுமில்லை, ஓரத்திலும் ஒன்றுமில்லை. கறை பல்பில்தான் இருந்திருக்கிறது என்று அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

ஆறு வயது மகள் சும்மா இருப்பாளா? ஓடிப்போய் வெளிச்சத்துக்குக் குறுக்கே கையை நீட்டினாள். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள்.

"டார்ச்சு கிட்ட வாடி சிட்டு, கை பெருசாகும். சுவத்து கிட்ட போ, சின்னதாகும்" என்று மனைவி காட்டிக்கொடுத்தாள். சிட்டு முன்னும் பின்னும் ஓடினாள். சுவரில் அவள் கை யானை அளவுக்கு வீங்கி, மறுபடி எலி அளவுக்குச் சுருங்கியது. நாலு மணிக்கு அவர் டார்ச்சோடு எழுந்தபோது அவள் முகம் வாடிவிட்டது.

"சாயங்காலம் திரும்பக் கொண்டு வருவீங்களாப்பா?"

"கொண்டு வரேன்டா கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

கீழ்த்தளத்துப் படி இறங்கும்போதே துருவும் பாசியும் நனைந்த சிமெண்டும் கலந்த பழகிய வாடை மூக்கில் ஏறியது, எங்கோ ஒரு குழாய் மூட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் தொட்டியின் மூடியில் விழுந்து விழுந்து தாளம் போட, பெரிய மோட்டார் தூக்கத்தில் முனகுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் நின்று விசையைத் தள்ளினார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த இடத்தை முழுசாகப் பார்த்தார். எதிர்ச் சுவர் அவர் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. குழாய்களின் மேல் வியர்வை மாதிரி நீர் முத்துகள். ஆறு வால்வுகளும், அவற்றின் மேல் யாரோ எழுதிய எண்களும்.

வட்டத்தின் இடது ஓரத்தில், கறை.

தன் விரல்தான் கண்ணாடியை மறைக்கிறது என்று நினைத்து டார்ச்சை அடிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டார். கறை போகவில்லை. வலப்பக்கம் திருப்பினார், கூடவே திரும்பியது. மேலே தூக்கினார்; கூடவே ஏறியது. பழைய பல்பில் அது மங்கலாக, கலங்கிய மாதிரி இருந்தது. இந்த வெளிச்சத்தில் விளிம்பு வெட்டினாற்போல் தெரிந்தது. நான்கு நீளமான கோடுகள். கொஞ்சம் தள்ளிக் குட்டையாக ஒன்று.

கை.

நிழல் என்றால், வெளிச்சத்துக்கும் சுவருக்கும் நடுவே ஏதாவது இருக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து சுவர் வரைக்கும் பார்த்தார். தூசி மிதந்தது. வேறொன்றும் இல்லை. இருந்தும் சுவரில் அந்தக் கை, முதலில் அவர் கை அளவுக்கு இருந்தது, வால்வுகளை மறைக்கும் அளவுக்கு விரிந்தது, பிறகு கூரைவரை போனது. டார்ச்சு கிட்ட வந்தா கை பெருசாகும். மனைவியின் குரல் அவர் காதில் கேட்டது.

கிட்ட வருகிறது.

வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. விரல்களின் இடுக்கில் மட்டும் வெள்ளை. டார்ச் பிடித்திருந்த அவருடைய விரல் முட்டிகள்மேல் குளிர்ச்சியாக ஏதோ உரசியது. கண்ணாடியில் ஒரு சின்னச் சத்தம். நகம் படுகிற சத்தம்.

டக்.

அவர் ஓடினார். வால்வையும் மறந்தார், ஆணியையும் மறந்தார். எட்டுப் படியும் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கதவைச் சாத்திப் பூட்டி, வெயிலில் வந்து நின்று மூச்சு வாங்கியபோதுதான் உயிர் திரும்பி வந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள், மேலே ஒரு வீட்டில் குக்கர் விசில் விட்டது. இந்தச் சத்தங்களுக்கு நடுவே நிற்கும்போது தன் பயம் அவருக்கே அசட்டுத்தனமாகத் தோன்றியது. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, அதுதான் என்று சொல்லிக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் கையைப் பார்த்தார். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. வெயிலில் தெரியவில்லை.

வாசலைத் தாண்டி உள்ளே வந்து அதை அணைத்தார்.

அலமாரிமேல் வைத்துவிட்டு, நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாளியில் தண்ணீர் விழ விழ, முகத்தில் அடித்து அடித்துக் கழுவினார். விரல் முட்டிகள்மேல் அந்தக் குளிர்ச்சி போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வெளியே மனைவி ஜன்னலை மூடும் சத்தம், விளக்கை அணைக்கும் சத்தம், மகளின் கும்மாளம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் பழையவரின் குரல் மூன்று தடவையும் கேட்டது. கீழயே அணைச்சிடு. அவர் பேட்டரிக்காகச் சொல்லவில்லை. எங்கே அணைக்கிறோமோ அது அங்கேயே தங்கிவிடும்.

நான் வீட்டுக்குள்ளே அணைத்தேன்.

"அப்பா, தலையில கைய வைக்காதீங்கப்பா" என்றாள் சிட்டு சிரித்துக்கொண்டே. "ஜில்லுனு இருக்கு."

ஈரக் கையோடு கதவைத் திறந்துகொண்டு வந்தார். அறை இருட்டாக இருந்தது. மனைவி இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சத்தின் நடுவே சிட்டு, இரண்டு கையையும் கோத்து ஒரு பறவை செய்துகொண்டிருந்தாள். சுவரில் பறவையின் நிழல். அதன் மேலே சிட்டுவின் தலை நிழல். தலையின்மேல் ஒரு கை.

பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. அவள் தலைக்குத் தக்க அளவில் இருந்தது. அவள் இருக்கும் தூரத்திலேயே இருந்தது.

மனைவி சுவரைப் பார்த்தாள். கதவருகே நின்ற அவரைப் பார்த்தாள். அவர் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன, தண்ணீர் சொட்டியது.

"என்னங்க..." அவள் விரல் விசையைத் தேடியது.

"அணைக்காத! என்கிட்ட குடு. எரிஞ்சபடியே குடு!"

எரிந்தபடியே கீழே கொண்டுபோய்விட்டால் போதும். எட்டுப் படி. ஆணி. கூடவே அதுவும் வந்துவிடும், பிள்ளையை விட்டுவிடும். இரண்டு எட்டில் அறையைக் கடந்து கையை நீட்டினார். அவர் விரல் டார்ச்சில் பட்டது.

வெளிச்சம் மங்கவில்லை. பொட்டென்று போனது.

பழைய பேட்டரி.

இருட்டில் விசையைத் தள்ளினார். தள்ளினார். தட்டினார். மனைவி தடுமாறி எழுந்து சுவரைத் தடவி அறை விளக்கைப் போட்டாள்.

அறையில் யாருமில்லை. அவர்கள் மூன்று பேர்தான். சுவரும் வெறும் சுவராக இருந்தது. சிட்டு அதே இடத்தில், கோத்த கையைப் பிரிக்காமல், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிள்ளை. அவள் உச்சந்தலை முடி ஐந்து இடத்தில் அழுந்திப் படிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஐந்து பள்ளமும், தூங்கப்போகும் குழந்தையைத் தடவிக்கொடுப்பதுபோல, மெல்லக் கழுத்தை நோக்கி இறங்கின.