தொட்டால் அடங்கும் இரைச்சல்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்ததிலேயே தலையாயது பார்சலைப் பிரித்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கும் உரிமைதான் என்பது யாவோரின் தீர்மானமான கருத்து. நெருப்பும் சக்கரமும் அதற்கு அடுத்துதான். அந்த உரிமை இருக்கிற நாட்டில் ஒருவன் ஏமாந்தால் தப்பு அவன் கண்ணில்தான் என்று பெர்னிக் நகரத்துக் கூரியர் ஆபீஸில் நின்றுகொண்டு பலருக்கு, அவர்கள் கேட்காமலேயே, சொல்லியிருக்கிறான்.

வயது முப்பத்தொன்று. பகலில் திருகாணி தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். மீதி நேரத்தில் மீதி எல்லாவற்றுக்கும் தரப் பரிசோதகன். இணையத்தில் கிட்டார் வாங்கிவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை அவன் ஆட்களாகவே கணக்கில் எடுத்ததில்லை. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதுகிறவன் தனக்கு முதுகெலும்பு இல்லை என்பதைத்தான் ஊருக்கு அறிவிக்கிறான் என்று ஒரு முறை எழுதி, எண்பது பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். அந்த எண்பது என்ற எண் அவனுக்கு மனப்பாடம்.

டிசம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. அவனுடைய எலெக்ட்ரிக் கிட்டார் விடின் நகரத்திலிருந்து வந்து கூரியர் ஆபீஸ் மேஜைமேல் கிடந்தது. யாவோர் ஸ்கேலை எடுத்தான். கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பி ஒவ்வொன்றையும் நகத்தால் வருடினான். பின்னால் வரிசை கதவுவரை நீண்டது.

"தம்பி, கட்டிக்கப் போறியா, வாசிக்கப் போறியா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"கட்டிக்கிறதுக்கு இவ்வளவு பாக்க மாட்டான். அவன் பொண்டாட்டிய எனக்குத் தெரியும், பத்து நிமிஷத்துல சரின்னுட்டான்" என்றாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்டான்கா.

"சிரிங்கக்கா, சிரிங்க. ஏமாந்துட்டு வந்து அழுறவங்களையும் நீங்கதான் பாக்கறீங்க."

கடைசியாகக் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தான். கம்பிகள் வெதுவெதுப்பாக இருந்தன.

விடினிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க உறைந்த வண்டியில் வந்த பெட்டி. மரம் சில்லிட்டிருந்தது, திருகுகள் சில்லிட்டிருந்தன. கம்பிகள் மட்டும், யாரோ இப்போதுதான் வாசித்துவிட்டுக் கையை எடுத்தது போல. யாவோர் இதை எங்கே குறிப்பது என்று படிவத்தில் தேடினான். அதற்கு அதில் இடம் இல்லை. ஸ்டான்கா நீட்டிய டேப் கணினியின் திரையில் 'பார்த்தேன், சோதித்தேன், ஏற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே விரலால் கையெழுத்துப் போட்டான். வழுக்கிக்கொண்டு போனது விரல். அழகான கையெழுத்து. அந்த ஆபீஸில் கிட்டாரை ஒலிக்க வைக்கிற ஆம்ப் பெட்டி கிடையாது. ஒலியைத் தவிர எல்லாவற்றையும் அவன் சோதித்திருந்தான்.

அவனும் மனைவி ரலிட்சாவும் குடியிருந்தது ஏழாவது மாடியில். பால்கனியில் ரலிட்சாவின் முட்டைக்கோஸ் பீப்பாய் புளித்துக்கொண்டிருந்தது. அந்தப் புளிப்பும் கீழ்மாடிக் கரியடுப்புகளின் புகையும் சன்னல் இடுக்கு வழியாக எப்போதும் உள்ளே கசிந்துகொண்டிருக்கும். யாவோர் சின்ன அறையில் ஆம்ப்பைப் போட்டு கிட்டாரைச் செருகினான். இரைச்சல் எழுந்தது. எதிர்பார்த்ததுதான். இந்த வகைக் கிட்டார்கள் சும்மா இருக்கும்போது அடித்தொண்டையில் முனகும். கம்பிமேல் கை வைத்தால் மனித உடம்பு அந்த இரைச்சலைக் குடித்துவிடும், அமைதியாகிவிடும். கை வைத்தான். அமைதி. எடுத்தான். முனகல். சரியாக இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு சமையலறைக்குப் போய் மலைத் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தான். குழாய்களுக்குள் வெந்நீர் ஓடும் டிக்டிக், மேல்மாடிக் கிழவரின் தொலைக்காட்சி, லிஃப்ட் எங்கோ நின்று கதவைத் திறந்து யாரும் ஏறாமல் மூடிக்கொள்ளும் ஓசை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் சுவர் வழியாக ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்த அந்த முனகல் அவனுக்குப் பழகிப்போய், காதில் விழுவதே நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

இல்லை. முனகல்தான் நின்றிருந்தது.

அறைக்குப் போனான். கிட்டார் அப்படியே சாய்ந்திருந்தது. ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் முனகல் மறுபடி தொடங்கியது. யாரோ கையை எடுத்துக்கொண்டது போல.

வயரை மாற்றினான். ப்ளக்கை மாற்றினான். ஹாலில் வைத்துப் பார்த்தான். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை நின்றது, நான்கு முறையும் அவன் அந்தப் பக்கம் இல்லாதபோது. நோட்டில் நேரம் குறித்துக்கொண்டு விற்றவருக்கு போன் போட்டான். போன்ச்சோ என்று பெயர், கொட்டாவி விடுகிற குரல்.

"கிட்டார்ல இரைச்சல் வருது" என்றான் யாவோர்.

"வரும் தம்பி. எல்லாத்துலயும் வரும்."

"அது தெரியும். அது நிக்குது."

"நின்னா நல்லதுதான?"

"யாரும் தொடாமயே நிக்குதுங்க."

எதிர்முனையில் கொட்டாவி பாதியில் நின்றது. "தொட்டாத்தான் நிக்கும்" என்றார் போன்ச்சோ, மெதுவாக.

"அதைத்தான் நானும் சொல்றேன். பொண்டாட்டி தூங்குறா, இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

"பிரிச்சுப் பாத்தீங்கல்ல? சோதிச்சீங்கல்ல? ஏத்துக்கிட்டேன்னு கையெழுத்து போட்டீங்கல்ல?"

"போட்டேன். அதுக்காக?"

"அப்ப ஏத்துக்கிட்டீங்க" என்று சொல்லி போன்ச்சோ வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவனின் நிம்மதி இருந்தது. அது யாவோருக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை அவன் தொழிற்சாலையிலிருந்து ஐந்து மணிக்கு வந்தான். அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. ரலிட்சாவுக்கு ரொட்டிக்கடையில் விடியற்காலை வேலை, இரண்டு மணிக்கே வீடு திரும்பிவிடுவாள். சமையலறையில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அவன் பல மாதங்களாகப் பார்க்காத ஒரு தெளிவு.

"இன்னிக்கு எவ்வளவு நல்லா வாசிச்ச" என்றாள்.

"எப்போ?"

"மூணு மணிலேர்ந்து. நடுவுல நிறுத்தி கிட்டாரைத் திட்டல, ஆம்ப்பைத் திட்டல, என்னைத் திட்டல. எனக்கே சந்தேகமாயிடுச்சு, இது நம்ம ஆளுதானான்னு."

"ரலிட்சா, நான் இப்பத்தான் வரேன்."

"சரி சரி, பெருமைப்படுத்தினா உனக்கு ஆகாதே." சூப்பைக் கிளறினாள். "கதவைத் திறந்தா நீ நிறுத்திடுவன்னு திறக்கல. வெளியவே உக்காந்து கேட்டேன்."

சின்ன அறைக்குப் போனான். ஆம்ப் அணைந்திருந்தது. அதன் தலையில் கை வைத்தான். சூடு.

தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவன் அப்போது புரிந்துகொண்டான். அதைவிட, அந்த ஆள் தன்னைவிட நன்றாக வாசிக்கிறான் என்பது உறைத்தது. எது அதிகம் வலித்தது என்று கேட்டால் அவனால் உடனே சொல்லியிருக்க முடியாது. ஏழு வருடமாக அவள் அவன் வாசிப்பதைக் கேட்டு வெளியே உட்கார்ந்ததில்லை. ஏழு வருடமாக அவளிடமும் ஸ்கேலோடுதான் பேசியிருக்கிறான். சூப்பில் உப்பு, சட்டையில் மடிப்பு, சிரிப்பில் சத்தம்.

ஆம்ப்பைப் போட்டான். முனகல். கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

முனகல் நிற்கவில்லை.

கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். இரண்டு கைகளையும் வைத்தான். சட்டையைத் தூக்கி வயிற்றோடு அழுத்திக்கொண்டான். கம்பிகள் தோலில் வெதுவெதுவென்று பதிந்தன. முனகல் அவனைக் கடந்து போய்க்கொண்டிருந்தது, அங்கே உடம்பு என்று ஒன்று இல்லாதது போல.

வியாழக்கிழமை காலை போனின் திரை அவன் விரலுக்கு அசையவில்லை. குளிரில் விரல் காய்ந்திருக்கும் என்று எச்சில் தொட்டுத் தேய்த்தான். அசையவில்லை. தொழிற்சாலைக்குப் போகாமல் கிட்டாரை அதே பெட்டியில் போட்டு, ஒட்டி, தோளில் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீஸுக்கு நடந்தான். மூடுபனி. புகைநாற்றம். கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற வகை. அது திறக்கவில்லை. பின்வாங்கி மறுபடி போனான். திறக்கவில்லை. உள்ளே ஸ்டான்கா ரொட்டி கடித்துக்கொண்டு அவன் நின்ற இடத்தைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கிழவி வந்தாள். கதவு அவளுக்குத் திறந்தது. யாவோர் அவளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"இதைத் திருப்பி அனுப்பணும்கா."

ஸ்டான்கா இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். "ஐயோ, நீயா? எப்ப வந்த? இந்த ஆபீஸ்லயே அதிக நேரம் பாத்து வாங்கினது நீதான்யா. உனக்கே பிடிக்கலைன்னா நாங்கல்லாம் எங்க போறது?" டேப்பை நீட்டினாள். "கையெழுத்து போடு."

போட்டான். திரை வெள்ளையாகவே இருந்தது.

"அழுத்திப் போடு தம்பி."

அழுத்தினான். நகம் வெளுத்தது. கோடு விழவில்லை. ஸ்டான்கா டேப்பைத் திருப்பித் தன் விரலால் ஒரு கிறுக்கு கிறுக்கினாள். கறுப்புக் கோடு பளிச்சென்று விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி நீட்டினாள். வெள்ளை.

"நீங்களே போட்டுடுங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் கையெழுத்த நான் போட்டா என் வேலை போயிடும்" என்றாள் அவள். பிறகு அவன் விரலைப் பிடித்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினாள். தொட்டதும் இழுத்துக்கொண்டாள். ஆப்ரனில் தன் விரல்களைத் துடைத்தாள். அடுத்து நின்ற கிழவியைப் பார்த்து, "நீங்க வாங்கம்மா" என்றாள்.

பகலெல்லாம் தெருவில் அலைந்துவிட்டுக் கிட்டாரோடு வீடு திரும்பினான். ஐந்தரை மணி. சன்னலில் இருட்டு. சமையலறையில் ரலிட்சா ஏதோ மெட்டு முனகிக்கொண்டிருந்தாள். "ரலிட்சா" என்றான். அவள் திரும்பவில்லை. கத்தினான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, காற்று வருகிறதோ என்பது போல சன்னலைப் பார்த்தாள்.

அறைக்குள் போனான். பெட்டியைக் கிழித்தான். செருகினான். மடியில் கிட்டார். இடதுகை கம்பிகளின் மேல். இரைச்சல் முழுசாக, அவன் இல்லாத அறையில் ஒலிப்பது போல.

பையில் போன் அதிர்ந்தது. கிட்டார் வாங்கிய தளத்திலிருந்து. உங்கள் பொருள் எப்படி இருக்கிறது? ஐந்து வெற்று நட்சத்திரங்கள். கீழே எழுத இடம்.

எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுத வேண்டும். வாங்காதீர்கள் என்று. விரலை வைத்தான். திரை அசையவில்லை.

இரைச்சல் நின்றது.

புறங்கையில் கனம். வெதுவெதுப்பு. விரலுக்கு மேல் விரல். நகத்துக்கு மேல் நகம். இடதுகையிலும். வலதுகையிலும். முதுகில் ஒரு மார்பு. அது மூச்சு விடவில்லை.

திரை விழித்தது.

யாவோரின் விரல் முதல் நட்சத்திரத்தை நோக்கிப் போனது. ஒன்றே ஒன்று. கனம் விலகியது. இரைச்சல் பொங்கி எழுந்தது. விரல் கண்ணாடியில் செத்துக் கிடந்தது. கடைசி நட்சத்திரத்தின் பக்கம் நகர்த்தினான். கனம் திரும்பியது. அமைதி.

புரிந்தது.

கதவு திறந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக ரலிட்சா உள்ளே வந்தாள். கையில் தேநீர்க் கோப்பை, ஆவி பறந்தது. கனம் அவன் மேல் இருந்ததால் அவள் கண் அவன் முகத்தில் ஒரு கணம் நின்றது. அவனை அடையாளம் தெரிந்தது. "ஏன்டா இப்படி வெளுத்துப் போயிருக்க?" என்றாள். எவ்வளவு சாதாரணமான கேள்வி. பிறகு அவள் பார்வை கொஞ்சம் மேலே, அவன் தோளுக்குப் பின்னால் போய்ப் பதிந்தது. அங்கேதான் சிரித்தாள்.

"இந்தா. சூடா குடி."

கோப்பையை அவன் தோளுக்கு மேலாக நீட்டினாள். யாவோரின் ஒரு கை கம்பிகளில். ஒரு கை போனில்.

அவள் கோப்பையை விட்டாள்.

கோப்பை விழவில்லை.

யாவோர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி கடைசி நட்சத்திரத்தைத் தொட்டான். ஐந்தும் மஞ்சளாயின. கீழே, எழுத்துப்பிழை இல்லாமல், நிதானமாக எழுதினான்: குறை எதுவும் இல்லை.