மூன்றாம் தடவை முளைத்த புல்

"ஐயோ... என்ட குறிஞ்சா!"

நிதுர்ஷனின் கையிலிருந்த கத்தி நழுவி விழுந்தது. களுவாஞ்சிக்குடி வினாயகமூர்த்தி வீட்டு ஏசி குளிரவில்லையென்று திருத்த வந்தவன் அவன். வீட்டின் பின்புறம் ஏசியின் வெளிப்பெட்டியைக் காணவில்லை, புல்தான் இருந்தது. அதற்குள் நுழைந்த கன்றுக்குட்டி பசுவாகித்தான் வெளியே வந்ததாம். அத்தனையையும் வெட்டிச் சாய்த்து நிமிர்ந்தால்... எதிரே இரண்டு கண்கள். மழைக்கு முந்திய வாவிபோலக் கறுத்து, தளும்பி...

வினாயகமூர்த்தியின் மகள் மேனுகா.

"களை எண்டு நினைச்சன், மிஸ்..."

"அப்பாட சீனி வருத்தத்துக்கு வளத்த கொடி! கிரான் வட்டைக்குள்ள வயல் செய்யிற குடும்பமாம்... களையும் கறியும் தெரியாதா? இனி இந்த வாசலுக்கு வராதீங்க!"

"வரமாட்டன்!"

வந்தான். மூன்றே கிழமையில் புல் இடுப்பளவு. ஏசி மறுபடி மூச்சுத்திணறியது. வெட்டினான். அவள் சன்னலோரம் நின்று பார்த்தாள். அவனும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

இன்னும் மூன்று கிழமை. புல் தோளளவு!

"இந்த முறையும் சரிவராட்டி வேற ஆளை அனுப்புவன்," என்றார் கம்பனி மேலாளர்.

நிதுர்ஷன் புல்லின் முன் போய் நின்றான். வேரோடு பிடுங்கினால் அந்தக் கண்களை இனிக் காண முடியாது. பிடுங்காவிட்டால்... வேறொருவன் காண்பான்!

குந்தியிருந்து ஒரு பிடி புல்லைப் பற்றியவன் அப்படியே உறைந்தான். வளவெல்லாம் வெயிலில் மஞ்சளித்துக் கிடக்க, பெட்டியைச் சுற்றி மட்டும் கரும்பச்சை. வயலில் பிறந்தவனுக்கு அந்தப் பச்சை தெரியாதா? கத்தியால் மண்ணைக் கிளறினான். வெள்ளை வெள்ளையாய் மணிகள்.

"மிஸ்... ஆரோ புல்லுக்கு யூரியா எறிஞ்சிருக்காங்க!"

சன்னலில் மேனுகாவின் முகம் செவ்விளநீராய்ச் சிவந்தது.

"இப்பதானா விளங்கின?"

"நீங்களா! ஏன்...?"

"வராதீங்க எண்டு சொல்லிப்போட்டன். மறுகா... எப்படிக் கூப்பிடுறதாம்?"

கத்தி இரண்டாம் தடவையாக விழுந்தது. அவன் கருவிப்பைக்குள்ளிருந்து பால்மா டின் ஒன்றை எடுத்தான். உள்ளே குறிஞ்சாக் கன்று.

"போன முறையும் கொண்டுவந்தன்... தரப் பயமா இருந்த. பெட்டிக்கு ரெண்டடி தள்ளி நட்டா ஏசி பழுதாகாது."

"அப்ப... இனி வரமாட்டீங்களா?"

"வருவன். உங்களை விரும்புறன் எண்டு... அப்பாட்டச் சொல்ல."

"இப்பவே சொல்லு மனே!"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பின்வாசலில் வினாயகமூர்த்தி, வெறும் யூரியாப் பையும் கையுமாக.

"சொல்லிப்போட்டு இவளைக் கூட்டிக்கொண்டு போ. என்ட வயலுக்கு ஒரு மணியாவது மிஞ்சட்டும்!"